காலை ஆறு மணிக்குச் செடியைப் பாருங்கள்

மத்தியானம் இரண்டு மணிக்குத் தலை தொங்கி நிற்கிற கத்தரிச் செடியைப் பார்த்தவுடன் மோட்டாரைப் போட்டுவிடாதீர்கள். அது தாகமாக இருக்கலாம். வெயிலைத் தாங்க இலையைத் தாழ்த்தி நிற்கலாம். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுமுட்டிக் கிடக்கலாம். தண்டுக்குள் பாக்டீரியா புகுந்து நீர்க்குழாயை அடைத்திருக்கலாம். அந்த வேளையில் நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். இவற்றில் ஒன்றுக்குத்தான் தண்ணீர் மருந்து. வேர் மூச்சுமுட்டும் செடிக்கும் நோய் பிடித்த செடிக்கும் அது கேடு.

வெளிச்சம், புவியீர்ப்பு, தொடுகை, மண்ணின் ஈரம், இரவின் நீளம் எல்லாவற்றையும் செடி உணர்கிறது. ஆனால் ஒவ்வொன்றையும் உணர்கிற உறுப்பு வேறு, பதில் தெரிய ஆகும் நேரமும் வேறு. தொட்டாச்சிணுங்கி ஓரிரு நொடியில் சுருங்கும். பாகல் கொடியின் பற்றுச்சுருள் சில நிமிடங்களில் வளையத் தொடங்கும். முளை வெளிச்சத்தின் பக்கம் சாய ஒரு சில மணி நேரம் எடுக்கும். நாற்றின் தண்டு காற்றுக்குத் தடிக்க இரண்டு வாரம் வேண்டும். எதை எங்கே, எந்த நேரத்தில் பார்ப்பது என்று தெரிந்துகொண்டால் தண்ணீர், உரம், மருந்து மூன்றிலும் வீண் செலவு குறையும். திருநெல்வேலிச் சீமையின் செவல், கரிசல், ஆற்றுப் பாசன வயல் மூன்றுக்கும் பொருந்துகிற மாதிரி இங்கே சொல்கிறோம்.

வாடலைப் படிப்பது

இலை விறைப்பாக நிற்பது அதன் செல்களுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தால். மண் காயத் தொடங்கினால் அப்சிசிக் அமிலம் என்கிற ஹார்மோன் செடிக்குள் கூடுகிறது. அது இலைத்துளையைக் காக்கும் செல்களிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. பொட்டாசியத்தோடு நீரும் வெளியேறும், துளை மூடிக்கொள்ளும். அதையும் மீறி வெயில் நேரத்தில் இலை இழக்கிற நீர் வேர் அனுப்புகிற நீரைவிட அதிகமானால் இலை தொங்கும். பொழுது சாய்ந்ததும் இழப்பு குறைகிறது. ராத்திரி முழுக்க வேர் நீரை ஏற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் செடியின் உண்மையான நிலை விடியற்காலையில்தான் தெரியும்.

பார்க்கும் முறை இது:

1. சூரியன் ஏறுவதற்கு முன், ஆறு மணியிலிருந்து ஆறரைக்குள் தோட்டத்துக்குப் போங்கள்.
2. நுனியில் முழுதாக விரிந்த இளம் இலையைப் பாருங்கள். அடி இலை வயதாலும் தொங்கும், அதை வைத்து முடிவு செய்யக் கூடாது.
3. செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, மம்பட்டியால் 15 செ.மீ. ஆழம் தோண்டி, அடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடித்தால் ஈரம் இருக்கிறது. பிடித்ததும் உதிர்ந்தால் காய்ந்துவிட்டது.

மேல்மண்ணைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். கரிசல் மேலே வெடிப்பு விட்டிருக்கும்போதே அடியில் ஈரம் வைத்திருக்கும். செவலும் தேரி மணலும் நேர்மாறு: நேற்றுத் தெளித்த தண்ணீரில் மேலே நனைந்திருக்கும், நான்கு விரல் கீழே தூசியாக இருக்கும். கையை விட்டுப் பார்க்காமல் மண்ணின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

மத்தியானம் தொங்கிய இலை காலையில் நிமிர்ந்திருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். பூசணி, பீர்க்கு, சுரை போன்ற அகன்ற இலைக் கொடிகள் பங்குனி, சித்திரையில் தினமும் இப்படித்தான் தொங்கி எழும். காலையிலும் தொங்கி, மண்ணும் காய்ந்திருந்தால் வெயில் ஏறுவதற்கு முன்பே பாய்ச்சுங்கள். தொட்டிச் செடி என்றால் அடித்துளையில் நீர் வடியும் வரை மெல்ல ஊற்றி, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஊற்ற வேண்டும். நன்றாகக் காய்ந்த மண் முதல் தண்ணீரை உறிஞ்சாமல் ஓரமாக வழியவிடும். அடியில் நீர் வடிந்ததைப் பார்த்து நனைந்துவிட்டது என்று நினைத்துவிடுவோம்.

மண் ஈரமாக இருந்தும் காலையிலேயே தொங்குகிறதா? ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாக, ஒடித்தால் சடக்கென்று ஒடிகிற வேர் நல்ல வேர். பழுப்பு நிறமாகி, தோல் உருவிக்கொண்டு வந்து, நாற்றமும் அடித்தால் காற்று இல்லாமல் அழுகியிருக்கிறது. நீரை உறிஞ்ச வேருக்கு ஆக்ஸிஜன் வேண்டும். தேங்கிய நீரில் நின்றபடியே செடி வாடுவது அதனால்தான். வடிகால் வெட்டுங்கள். நான்கைந்து நாள் பாய்ச்சாதீர்கள். அந்த நேரத்தில் யூரியா போடவே கூடாது.

வேரும் நன்றாக இருக்கிறது, இலையும் பச்சையாகவே இருக்கிறது, ஆனால் வரிசையில் ஒன்றிரண்டு கத்தரியோ தக்காளியோ மட்டும் திடீரென்று தொங்குகிறது என்றால் கண்ணாடி டம்ளர் சோதனை செய்யுங்கள். தண்டின் அடிப்பகுதியில் ஒரு விரல் நீளத் துண்டை நறுக்கி, தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் முங்கும்படி பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெள்ளை இழை கீழே இறங்கினால் பாக்டீரியா வாடல். இழை வராமல், நீளவாக்கில் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு மட்டும் தெரிந்தால் பூஞ்சை வாடல் என்று சந்தேகிக்கலாம். பாக்டீரியா வாடலுக்குத் தெளிக்கிற மருந்து கிடையாது. செடியை வேரோடும் மண்ணோடும் எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் வரப்புக் கட்டுங்கள். வெட்டிய கத்தியைக் கழுவாமல் அடுத்த செடியில் வைக்காதீர்கள். அந்த இடத்தில் அடுத்து மிளகாயும் தக்காளியும் போடாமல் சோளமோ கம்போ போடுவது நல்லது.

எல்லாப் பயிரும் தொங்கித்தான் தாகத்தைக் காட்டும் என்றில்லை. சோளமும் நெல்லும் இலையைச் சுருட்டும். வாழை நடு நரம்பின் இரு பக்கமும் இலையை மடித்துக் கூரை மாதிரி வைத்துக்கொள்ளும். களக்காட்டுப் பக்கம் ஏத்தன் (நேந்திரன்) வாழைத் தோட்டத்தில் உச்சிவெயிலில் இதைப் பார்த்தால் பதற வேண்டாம், காலையிலும் விரியாவிட்டால் மட்டும் கவலைப்படுங்கள். தென்னையை இலையைப் பார்த்துக் கணிக்க முடியாது. அதன் தண்ணீர்க் குறை குரும்பை உதிர்வாகவும் காய்ப்புக் குறைவாகவும் பல மாதம் கழித்துத்தான் தெரியும். தென்னைக்கு மண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

நெல்லுக்கு ஒரு துளைக்குழாய் போதும். கன்னடியன், நதியுண்ணி போன்ற கால்வாய்களின் கடைமடையில் முறைவைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் இது மிகவும் உதவும். 30 செ.மீ. நீளமும் 10 முதல் 15 செ.மீ. அகலமும் உள்ள பிவிசி குழாயின் கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளை போட்டு, 15 செ.மீ. மண்ணுக்குள் போகும்படி புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். நட்டு இரண்டு வாரம் கழிந்ததும், குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மட்டும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். வெடிப்பு விடுகிற களிமண் வயலில் அவ்வளவு இறங்க விட வேண்டாம். வெடிப்பு வழியாகவே பாய்ச்சிய தண்ணீர் ஓடிவிடும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பும் பின்பும் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். அந்த நாட்களில் காய்ந்தால் பதர் விழும்.

சாயங்காலம் இலை மூடுகிற அகத்தி, புளி, தூங்குமூஞ்சி மரங்களை வாடல் என்று எண்ண வேண்டாம். இலைக்காம்பின் அடியில் இருக்கும் புடைப்பில் பொட்டாசியமும் நீரும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறுவதால் வரும் அசைவு அது. வெளிச்சம் போனதற்காக மட்டும் அவை மூடுவதில்லை. 1729-இல் பிரான்ஸில் தெ மைரான் என்பவர் தொட்டாச்சிணுங்கியை இருட்டில் வைத்துப் பார்த்தார். இருட்டிலும் அது பகல் வேளையில் விரிந்தது, இரவு வேளையில் மூடியது. செடிக்குள் ஒரு கடிகாரம் இருப்பதை முதலில் காட்டிய சோதனை இது. தொட்டியில் வளர்கிற அகத்திக் கன்றை இரண்டு நாள் இருட்டறையில் வைத்து நீங்களும் பார்க்கலாம். அதற்கு மேல் வைத்தால் செடி சோர்ந்து அசைவும் மங்கிவிடும்.

முளைப்பாரியும் நாற்றுத் தட்டும்

அம்மன் கோயில் கொடைக்கு முளைப்பாரி போடுகிற வீடுகளில் இருட்டின் வேலையை எல்லோரும் பார்த்திருப்பார்கள். இருட்டறையில் வளர்ந்த பயறு வெளுத்த மஞ்சளாக, நெடுநெடுவென்று நிற்கும். மண்ணுக்குள் இருப்பதாகவே அந்த முளை எடுத்துக்கொள்கிறது. விதையில் இருக்கிற சேமிப்பு முழுவதையும் தண்டை நீட்டவே செலவழிக்கிறது. இலையை விரிக்காது, பச்சையம் செய்யாது. வெளிச்சம் பட்ட சில மணி நேரத்தில் திட்டம் மாறும்: வளைந்த தலை நிமிரும், தண்டு நீள்வது குறையும், இலை பச்சை பிடிக்கும்.

வீட்டில் செய்து பார்க்க மூன்று சிரட்டை போதும். கண்ணில் துளை போட்டு, இரண்டு பங்கு மண்ணும் ஒரு பங்கு மக்கிய சாணித் தூளும் நிரப்பி, எட்டு மணி நேரம் ஊறிய பாசிப்பயறு ஒவ்வொன்றிலும் பதினைந்து போட்டு, அரை அங்குலம் மண் மூடுங்கள். முதல் சிரட்டை திறந்த வெளிச்சத்தில். இரண்டாவது கவிழ்த்த பானைக்குள். மூன்றாவது ஒரு பக்கம் மட்டும் 2 செ.மீ. துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள். ஆறாம் நாள் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது முழுக்கத் துளையின் பக்கம் சாய்ந்திருக்கும். சாயவில்லை என்றால் பெட்டியின் மூலையிலோ மூடியின் இடுக்கிலோ வேறு வெளிச்சம் நுழைந்திருக்கிறது. உள்ளே கறுப்புத் தாள் ஒட்டி மறுபடி செய்யுங்கள்.

எந்த இடம் வெளிச்சத்தைப் பார்க்கிறது? 1880-இல் சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் முளையின் நுனியை மூடிப் பார்த்துக் கண்டார்கள்: நுனியை மூடினால் வளையவில்லை, அடியை மூடினால் வளைந்தது. இருட்டில் முளைக்க வைத்த சோளத்தில் இதைச் செய்யலாம். முதல் இலையைப் போர்த்தி வரும் உறைமுளை 2 செ.மீ. வந்ததும், சாக்லேட் சுற்றிய மெல்லிய ஈயத்தாளில் சின்னத் தொப்பி செய்து சில முளைகளுக்குப் போடுங்கள். சிலவற்றுக்கு அடியில் மட்டும் சுற்றுங்கள். சிலவற்றைச் சும்மா விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் கொடுத்து நான்கைந்து மணி நேரம் கழித்துப் பாருங்கள். உறையைக் கிழித்துக்கொண்டு முதல் இலை வந்துவிட்ட முளையில் இது சரிவராது. நுனி நீல ஒளியை உணர்ந்ததும் ஆக்ஸின் என்கிற ஹார்மோன் நிழல் பக்கமாக நகர்கிறது, அந்தப் பக்கத்துச் செல்கள் அதிகம் நீள்கின்றன, முளை வெளிச்சத்தை நோக்கி வளைகிறது.

நாற்றுப் பண்ணைக்கு இதன் பொருள் நேரானது. திண்ணையில் வைத்த தட்டைத் தினமும் காலையில் அரைச்சுற்றுத் திருப்புங்கள். நாற்று நூலாக நீண்டு நின்றால் உரம் போடாதீர்கள், உரம் இன்னும் நீட்டும். வெளிச்சம் கொடுங்கள், நெருக்கத்தைக் குறையுங்கள். பக்கத்து இலை சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பு ஒளியை, அதாவது சிவப்பைத் தாண்டி நம் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அந்த விகிதம் மாறுவதைச் செடி உணர்ந்து, நிழல் விழுவதற்கு முன்பே உயர ஓடத் தொடங்குகிறது. அதனால் முளைத்த பத்து, பன்னிரண்டு நாளுக்குள் நெருக்கமாக நிற்கும் நாற்றுகளைக் களைந்துவிட வேண்டும், ஒன்றோடொன்று இலை தொட்ட பிறகு அல்ல. நீண்டுபோன தக்காளி நாற்றைக் காப்பாற்ற வழி உண்டு: முதல் உண்மை இலை (விதையிலைக்கு அடுத்து வரும் இலை) வரை தண்டை மண்ணுக்குள் புதைத்து நட்டால் தண்டிலிருந்தே வேர் விடும். மிளகாயை அப்படி ஆழமாகப் புதைக்க வேண்டாம்.

கீழே எது என்று அறிவது

வேரின் நுனி மூடியில் இருக்கிற சில செல்களுக்குள் கனமான மாவுமணிகள் உண்டு. வேர் சாய்ந்தால் அவை புதிய அடிப்பக்கத்துக்கு உருண்டு படிகின்றன. வேருக்குத் திசை தெரிவது அதனால். விதையை எப்படிப் போட்டாலும் வேர் கீழேதான் போகும் என்பதால் பாசிப்பயறையும் சோளத்தையும் நேர்பார்த்து வைக்க வேண்டியதில்லை.

இதை எடுப்பாகக் காட்டுகிற விதை நம் ஊரில் பனங்கொட்டை. மற்ற விதைகள் போல அது உடனே மேலே வராது. முளை ஒரு குழாயாகக் கீழே இறங்கி, அந்த ஆழத்தில்தான் கிழங்கைக் கட்டுகிறது. ஆவணி, புரட்டாசியில் கொட்டையைப் பாவினால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு கிடைக்கும். பாத்தியின் உயரம்தான் எல்லாம். செம்மணலையோ பொலபொலப்பான மண்ணையோ ஒன்றரை முதல் இரண்டடி உயரத்துக்கு மேடாக்கி, மேலே கொட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, மூன்று விரல் கனத்துக்கு மண்ணோ ஓலையோ மூடி, மழை இல்லாத வாரங்களில் நனைத்து விடுங்கள். மேடு தாழ்வாக இருந்து அடியில் சுக்காம்பாறையோ கெட்டி மண்ணோ இருந்தால் கிழங்கு முட்டி, வளைந்து, குட்டையாகிவிடும். தண்ணீர் தேங்கினால் அழுகும். தோண்டும்போது மேலிருந்து குத்தாமல், மேட்டின் ஓரத்திலிருந்து சரித்து எடுங்கள், ஒடியாது.

பிசானப் பருவத்து நெல் ஐப்பசி, கார்த்திகை மழையில் சாய்ந்தால் இதே உணர்வுதான் அதைத் தூக்குகிறது. கணுவில் இருக்கிற புடைப்பு அடிப்பக்கம் நீண்டு தண்டை நிமிர்த்தும். கதிர் வருமுன் சாய்ந்த பயிர் தானே எழும். தண்ணீரை வடித்துவிட்டுத் தொடாமல் விடுங்கள். மணி முற்றும்போது சாய்ந்தால் கணுவுக்கு அந்தச் சக்தி இருக்காது. அப்போது நான்கைந்து தூரைச் சேர்த்துக் கட்டி நிறுத்தினால்தான் கதிர் சேற்றில் முளைக்காமல் தப்பும்.

தொடுகை, காற்று

தொட்டாச்சிணுங்கியின் இலை தொட்டதும் ஒரு மின்துடிப்பு ஓடுகிறது, காம்படிப் புடைப்பில் நீர் இடம் மாறுகிறது, இலை மடிகிறது. மறுபடி விரிய பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். இத்தகைய துடிப்புகளை நுட்பமான கருவிகளால் அளந்தவர் ஜகதீஷ் சந்திர போஸ். 1917-இல் கொல்கத்தாவில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார். பிள்ளைகளுக்குக் காட்டும்போது ஒரே செடியைத் திரும்பத் திரும்பத் தொட வேண்டாம். தீங்கில்லாத அதிர்வு தொடர்ந்து வந்தால் அது மடிவதை நிறுத்திவிடும், செடி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

காய்கறிப் பந்தலில் தொடுகைக்கு நல்ல விலை உண்டு. பாகல், புடலை, பீர்க்கின் பற்றுச்சுருள் எதையாவது தொட்டால்தான் உறுதிப்படும். எதுவும் கிடைக்காவிட்டால் தன்மேலேயே சுருண்டு வீணாகிவிடும், பிறகு கயிற்றைக் காட்டினாலும் பிடிக்காது. அதனால் முதல் சுருள் தெரிகிற நாளே கொம்போ கயிறோ நிற்க வேண்டும். பென்சில் கனத்துக்குள் உள்ள கொப்பு, தேங்காய் நார்க்கயிறு இரண்டும் நன்றாகப் பிடிக்கும். மூங்கிலைச் சுற்ற முடியாமல் பாகல் சறுக்கும்; மூங்கில் நிறுத்தினால் மேலே நார்க்கயிறு சுற்றிவிடுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக் கயிற்றில் பிடி குறைவு. இரும்புக்கம்பி உச்சிவெயிலில் இளஞ்சுருளைச் சுடும். அவரையும் சங்குப்பூவும் தண்டாலேயே சுற்றுகிற கொடிகள். அவற்றைக் கையால் ஏற்றும்போது, ஏற்கெனவே ஏறிய கொடி எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறதோ அதே பக்கம் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் அவிழ்ந்துவிடும்.

காற்றும் ஒரு தொடுகைதான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேல்காற்று இறங்கும்போது, நிழல்வலைக்குள் அசையாமல் வளர்ந்த நாற்று மடிந்து விழுந்துவிடுகிறது. அசைகிற தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் வளரும். இதை நாமே பழக்கலாம். இரண்டு உண்மை இலை வந்த தக்காளி, கத்தரி நாற்றின் தலையை ஒரு அட்டையாலோ மெல்லிய கம்பாலோ காலையும் மாலையும் பத்துத் தடவை தடவிக் கொடுங்கள். நடும் நாள் வரை, சுமார் இரண்டு வாரம். இலை நனைந்திருக்கும்போது தடவாதீர்கள், நோய் பரவும். மிளகாயின் இலை எளிதில் காயப்படும். அதை வலைக்கு வெளியே தினம் இரண்டு மணி நேரம் காற்றில் வைத்தால் போதும். வாரியலால் பெருக்குகிற மாதிரி அழுத்தினால் தண்டு சிராய்க்கும். குலை தள்ளிய ஏத்தனுக்கு மட்டும் இந்தப் பழக்கம் உதவாது, சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும்.

இரவை அளப்பது

பந்தல் அவரையை ஆடியில் போட்டால் மழைக்காலம் முடிந்து, பனி விழத் தொடங்குகையில் பூத்துக் குலுங்கும். அதே விதையைத் தையில் போட்டால் மாதக்கணக்கில் கொடி மட்டும் ஓடும். அது எண்ணுவது தன் வயதை அல்ல, இரவின் நீளத்தை. நம் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் சுமார் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அதற்குள் வரும் மாற்றத்தையே இந்தக் கொடி உணர்ந்துவிடுகிறது. பழைய நீண்டகாலத் துவரைக்கும் இதே குணம் உண்டு. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.எஸ்.டி. 16 போன்ற குறுகிய கால நெல்லும் குத்து அவரையும் இரவைப் பார்ப்பதில்லை, அவற்றைப் பருவம் மாற்றியும் போடலாம்.

பந்தல் அவரை பூக்கவில்லை என்றால் உரத்தைப் பார்ப்பதற்கு முன் ராத்திரி ஒன்பது மணிக்குப் பந்தலடியில் நின்று பாருங்கள். தெருவிளக்கோ மோட்டார் அறை விளக்கோ இலைமேல் விழுந்தால் இரவு செடிக்கு உடைந்துபோகிறது. விளக்குப் படுகிற பக்கம் பூக்காமல், நிழல் பக்கம் மட்டும் பூத்திருந்தால் காரணம் உறுதி. இரவை அளப்பது இலை. பூக்கச் சொல்லும் செய்தி அங்கிருந்துதான் மொட்டு நுனிக்குப் போகிறது. ஆகவே நுனியை மட்டும் மறைத்துப் பயனில்லை, இலைகள் எல்லாம் மறைய வேண்டும். சொந்த விளக்கு என்றால் பந்தல் பக்கம் தகரம் அடித்து மறையுங்கள், அல்லது ராத்திரி அணைத்துவையுங்கள். தெருவிளக்கு என்றால் அந்தப் பக்கத்தில் தென்னந்தட்டி கட்டலாம். நடும்போதே விளக்குக் கம்பத்திலிருந்து விலக்கிப் பந்தல் போடுவது இதைவிடச் சுலபம். மறைத்தபின் பூ வர மூன்று, நான்கு வாரம் பொறுக்க வேண்டும். அதற்கிடையில் தழைச்சத்து உரம் போட்டால் கொடி மறுபடி இலை விடத் தொடங்கிப் பூ தள்ளிப்போகும்.